செத்தவருக்கு ஓவர்டைம்: எங்கள் நாகர்கோவில் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு வாடகை மாடியில், கையில் இருந்த காசை வைத்து, ஒன்றரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். ஆபீஸ் வாழ்க்கை பற்றிய படம். சிரிப்பு வரும், சிரித்துவிட்டோமே என்று கூச்சமும் வரும். தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கதை எழுதியவன் நான் என்பதால் பதில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. கதை முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் முதல் கேள்வியைத் தாண்டிப் போகலாம், ஆனால் மற்ற பதில்கள் பாதிதான் விளங்கும்.

கதை என்ன?

ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் நாகர்கோவில் கிளை. மார்ச் கடைசி, வருடக் கணக்கு முடிக்கிற நேரம். சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்து கணக்கை நேராக்கிக்கொண்டிருந்த கேஷியர், மேசையில் தலை வைத்தவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப் பெருக்க வந்த அக்கா பார்த்துவிட்டு மேனேஜருக்குப் போன் போடுகிறார்: "சார், கேஷ் அண்ணன் மேசைல தல வச்சு கெடக்காரு. மூச்சு இல்ல." மேனேஜர் ஓடி வருகிறார். உண்மையாகவே அழுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது சுவரில் இருக்கும் விரல்ரேகைப் பெட்டி அவர் கண்ணில் படுகிறது.

கேஷியர் காலையில் ‘இன்’ போட்டவர், ‘அவுட்’ போடவில்லை. மென்பொருள் கணக்குப்படி அவர் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு மாலைக்குள் இறுதிச் சடங்கு முடிந்துவிடுகிறது. வருகைப்பதிவு முடியவில்லை. தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த ஊழியர் என்று தலைமை அலுவலகத்துக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போகிறது. ஹெச்ஆர் பெண் அதை நம்பி, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் பாராட்டுச் செய்தி போடுகிறார். ஊர் ஊராக எல்லாக் கிளைகளும் கைதட்டுகின்றன. அதற்குப் பின்னால் மேனேஜர் போடும் மரணச் செய்திக்கும், கைதட்டிய வேகத்திலேயே நாலு பேர் கட்டைவிரலை உயர்த்திவிடுகிறார்கள்.

டாக்டர் கொடுத்த சான்றில் இறந்தது சனிக்கிழமை ராத்திரி. கம்பெனி பதிவேட்டில் அவர் திங்கட்கிழமையும் டியூட்டியில் இருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகாமல் அவர் மனைவிக்கு வரவேண்டிய பணம் வராது. மீதிப் படம் முழுக்க அந்த ஒரு ‘அவுட்’டைப் போட எல்லாரும் படும் பாடுதான்.

ராத்திரி முழுக்க வராத மனிதரை வீட்டில் தேட மாட்டார்களா?

தேடினார்கள். மனைவி ஆபீசுக்குப் போன் செய்கிறார். வாட்ச்மேன் எடுத்து, "சார் உள்ளதான் இருக்காரு" என்கிறார். பொய் சொல்லவில்லை அவர். மார்ச் கடைசியில் கேஷியர் ஆபீசிலேயே தங்குவது வழக்கம் என்பதால் அந்த அம்மாவும் "செரி, சாப்பிடச் சொல்லுங்க" என்று வைத்துவிடுகிறார்.

அந்த விரலைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தால் பிரச்சினை முடிந்ததே?

படத்திலும் ஒருவர் இதைத்தான் கேட்கிறார். அதற்கு ஹெச்ஆர் போனில் சொல்லும் பதில்: "ஒருத்தருக்காக இன்னொருத்தர் பஞ்ச் போடுறது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம்." வேறு வழியும் இருக்கிறது, விடுபட்ட பதிவைச் சரிசெய்யச் சொல்லிப் போடும் ‘ரெகுலரைசேஷன்’ விண்ணப்பம். அதை ஊழியர்தான் தன் கணக்கிலிருந்து போட வேண்டும். கடவுச்சொல் தெரியாவிட்டால் ஓடிபி வரும். ஓடிபி வரும் போன் விரல்ரேகை வைத்தால்தான் திறக்கும். அதற்குள் சடங்கு முடிந்துவிட்டது.

உண்மைச் சம்பவமா?

இல்லை. விதை மட்டும் உண்மை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு தனியார் கம்பெனியில் வேலையை விட்டு, கணக்கு முடித்து, கேக் வெட்டி அனுப்பப்பட்ட பிறகும், "நீங்கள் முன்னறிவிப்பின்றி வராமல் இருக்கிறீர்கள்" என்று அதே கம்பெனியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கடிதங்களை அவர் வாசித்துக் காட்டுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் வேலையை விட்டதற்குப் பதில் செத்துப்போயிருந்தால் என்று யோசித்ததில் வந்த கதை இது. நண்பருக்குச் சொன்னேன், அவர் கோபிக்கவில்லை. படத்தில் வாட்ச்மேனாக வருபவர் அவர்தான்.

சாவை வைத்துச் சிரிக்கலாமா?

எங்கள் ஊர்ப் பக்கத்துத் துட்டி வீட்டில் பின்பக்கம் போடும் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். முன்னால் அழுகை. பின்னால் செத்தவர் யார் யாருக்குக் கடன் பாக்கி, கட்டன்சாயாவில் சீனி ஏன் குறைவு, பந்தல்காரன் கணக்கு எவ்வளவு என்று பேச்சு நடக்கும். நடுவில் யாராவது செத்தவரின் பழைய கதை ஒன்றை எடுத்துவிடுவார், ஒரு வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் பிறந்தது ஒழுகினசேரியில். நாங்கள் படம் எடுத்த மாடியிலிருந்து பஸ் ஏறவே வேண்டாம். வில்லுப்பாட்டில் தொடங்கியவர். வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: கொலையும் சாவுமாக ஓடும் கதைக்கு நடுவில் பக்கப்பாட்டுக்காரர் ஒரு கிண்டலைச் செருகுவார், கூட்டம் சிரிக்கும், கதை மறுபடி சாவுக்கே போகும். கலைவாணர் 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் விடுதலையாகி வந்து, மறுபடி மக்களைச் சிரிக்க வைத்தவர். அந்த ஊர்க்காரர்களிடம் வந்து எதை வைத்துச் சிரிக்கலாம் என்று கேட்டால் என்ன பதில் சொல்ல?

ஒரு எல்லை வைத்துக்கொண்டோம். இறந்தவரை வைத்தும் அவர் மனைவியை வைத்தும் ஒரு சிரிப்புகூடக் கிடையாது. சிரிப்பெல்லாம் படிவங்கள் மேல்தான்.

படத்தில் வில்லனே இல்லையே? மேனேஜரை இன்னும் மோசமானவராகக் காட்டியிருக்கலாமே?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அவரவர் மேனேஜர் மேல் இருக்கும் கடுப்பு என்று நினைக்கிறேன்.

மேனேஜரைக் கெட்டவராக்கியிருந்தால் படம் அங்கேயே முடிந்துவிடும். கெட்டவர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போய்விடுவார். எங்கள் மேனேஜர் சொந்தக் காசில் மாலை வாங்குகிறார், ஆஸ்பத்திரிக்கு அலைகிறார். ஹெச்ஆர் பெண் விஷயம் தெரிந்ததும் குளியலறையில் போய் அழுகிறார். தலைமை அலுவலகத்துக் கணினிப் பிரிவுப் பையன், "சார், ஸாரி சார், எனக்கு அந்த ஆப்ஷனே காட்டல்ல" என்று மெய்யாகவே வருத்தப்படுகிறான். அத்தனை பேரும் நல்லவர்கள், அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். கேஷியரின் மனைவிக்குப் பணம் வரவில்லை.

நடிகர்களுக்கு ஒரே ஒரு விதிதான் வைத்தோம்: இது சிரிப்புப் படம் என்று உங்கள் முகத்துக்குத் தெரியக்கூடாது. படிவத்தில் ‘விடுப்புக்கான காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மேனேஜரும் உதவி மேனேஜரும் பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மரணம்’ என்று தட்டினால் மென்பொருள் ஏற்காது. உள்ளே இருக்கும் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தற்செயல் விடுப்பா, மருத்துவ விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா? உதவி மேனேஜர் ரொம்பப் பொறுப்பாகச் சொல்கிறார்: "மெடிக்கல் போட்டா திரும்ப வரும்போது ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேப்பாங்க சார்." இதைச் சொல்லும்போது அந்த நடிகர் உதட்டோரம் லேசாகச் சிரித்திருந்தால்கூடக் காட்சி கெட்டிருக்கும். நிஜத்தில் அவர் கூட்டுறவுத் துறையில் ஓய்வுபெற்றவர். நடிக்கச் சொல்லவே தேவைப்படவில்லை.

படத்தில் வரும் சட்டமெல்லாம் சரியா?

சரிதான், அதைச் சரிபார்க்காமல் எழுதவில்லை. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட ஓவர்டைம் வாங்காத கேஷியருக்குச் செத்த பிறகு இரட்டைச் சம்பளம் ஏறுவது இந்தக் கணக்கில்தான்.

பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, சாதாரணமாக ஐந்து வருடப் பணி கேட்பார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் அந்த நிபந்தனை கிடையாது, ஒருவருடைய குடும்பமும் இதைத் தெரியாமல் விட்டுவிடக்கூடாது. பி.எஃப். பிடித்தம் உள்ளவர் பணியில் இறந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் 7 லட்சம் ரூபாய் வரை வாரிசுக்குக் கிடைக்கும். அதற்குத் தொழிலாளி தனியாக எதுவும் கட்டுவதில்லை. படம் பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தன் பி.எஃப். கணக்கில் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்த்தாராம். கல்யாணத்துக்கு முன் கொடுத்த அம்மா பெயரே கிடந்ததாம். நீங்களும் பாருங்கள்.

நாற்காலி விஷயமும் நிஜம். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்திருத்தம் வந்தது. கேஷியரின் நாற்காலிக்கு நடக்கும் போட்டி அதிலிருந்து வந்தது.

ஊழியரின் ஒரிஜினல் படிப்புச் சர்டிபிகேட்டை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துக்கொள்வதைப் பற்றி யாரும் இது நிஜமா என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எடுத்த படத்தில் கடலே காணோமே?

காலையில் ஒன்பதுக்கு உள்ளே போய் ராத்திரி எட்டுக்கு வெளியே வருகிறவனுக்கு எங்கே சூரிய உதயம், எங்கே அஸ்தமனம்? கடல் எங்கள் படத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, மேனேஜர் அறையின் காலண்டரில்.

ஆனால் கடல் ஒரு வேலை செய்கிறது. சென்னையிலிருந்து கணக்குத் தணிக்கை அதிகாரி வருகிறார். இந்த ஊர்க் கிளைகளுக்கு வரும் அதிகாரிகள் யாரும் வெறும் தணிக்கைக்காக வருவதில்லை என்பது இங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட், 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் 30இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ. கேஷியர் வீட்டுக்குப் போகவேண்டிய கிளை ஊழியர்களில் ஒருவர் படகு வரிசையில் நிற்க அனுப்பப்படுகிறார். அவர் வரிசையில் நின்றுகொண்டே போனில் துக்கம் விசாரிக்கும் காட்சியில் பின்னால் கேட்கும் இரைச்சல்தான் கடல்.

பத்மநாபபுரம் அரண்மனையில் ‘டீம் அவுட்டிங்’ காட்சி ஒன்று எழுதி வைத்திருந்தோம். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். ஒரு ‘அவுட்’ பதிவுக்காக நாலு அலுவலகம் ஏறி இறங்கும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று தெரிந்தும் விட்டுவிட்டோம்.

எல்லாரும் ஒவ்வொரு மாதிரிப் பேசுகிறார்களே?

ஆமாம், இந்த மாவட்டத்தில் அப்படித்தான். தோவாளைப் பக்கத்து வாட்ச்மேன் "சொல்லுதேன், வருதேன்" என்பார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் டேட்டா என்ட்ரி பிள்ளை "சாரே" என்று இழுக்கும். மேனேஜர் சென்னைக்காரர், எல்லாரையும் "ப்ரோ" என்பார், செத்தவரையும் சேர்த்து. கேஷியரின் பெயர் படத்தில் ஒரே தடவைதான் வரும்: மரண அறிவிப்பு ஆட்டோவின் மைக்கில். ஆபீசில் அவர் ‘கேஷ் அண்ணன்’ அல்லது ஒரு எண். பாராட்டுச் செய்தியிலும் எண்தான்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் இது, 91.75 சதவீதம். அதனால் படத்தில் எவருமே வாயால் சண்டை போடுவதில்லை. மனு எழுதுகிறார்கள், நகல் இணைக்கிறார்கள்.

மார்ச் மாதக் கதை. ஒரு விசிறிகூடச் சுற்றவில்லையே, ஏன்?

கண்ணில் பட்டுவிட்டதா. ஒலிதான் காரணம். டப்பிங் பேசினால் அந்த வட்டாரப் பேச்சின் இழுவை போய்விடும் என்று நேரடி ஒலிப்பதிவுக்குப் போனோம். பழைய சீலிங் விசிறிக்கு அடியில் மைக் வைத்தால் பேச்சுக்கு மேல் விசிறிதான் கேட்கும். மேசைத் தாள்கள் வேறு ஒவ்வொரு ஷாட்டிலும் ஒவ்வொரு திசையில் பறக்கும். விசிறியை நிறுத்தினோம், எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. வருட முடிவு முகத்துக்கு அந்த வியர்வை நன்றாகவே இருந்தது.

நின்ற விசிறிக்குக் காரணம் வேண்டுமே. மின்வெட்டு என்று வைத்தோம். கிளையின் இன்வெர்ட்டரில் டியூப்லைட், கம்ப்யூட்டர், விரல்ரேகைப் பெட்டி மூன்றும்தான் ஓடும், விசிறிக்கு இணைப்பு இல்லை. கரன்ட் போனாலும் வருகைப்பதிவு நிற்காது. எடிட்டருக்குப் பிடித்த நகைச்சுவை இது, எழுதும்போது என் கற்பனையிலேயே இல்லை.

டியூப்லைட் வெளிச்சத்திலேயே எடுத்தீர்களா? திரையில் கோடு கோடாக ஓடாதா?

தனி விளக்குகள் வாடகைக்கு எடுக்கக் காசில்லை, எடுத்திருந்தாலும் ஆபீஸ் ஆபீசாக இருந்திருக்காது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய சோக் டியூப் ஒரு விநாடியில் 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் கோடு விழாது. 1/60இல் வைத்தால் விழும். விநாடிக்கு 24 பிரேம் எடுக்கிறவர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரி என்று வைத்தால் 1/50 வந்துவிடும். பழைய டியூப்பில் தோல் நிறம் லேசாகப் பச்சை அடிக்கும். எடிட்டிங்கில் அதைத் திருத்தலாம். பாதிதான் திருத்தினோம்.

இன்னொன்று. எந்த இடத்தில் எடுத்தாலும், யாரும் பேசாமல் அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை அரை நிமிடமாவது தனியாகப் பதிந்து வையுங்கள். யூபிஎஸ் முனகல், கீழே வடசேரி பஸ் ஹாரன் எல்லாம் அதில் இருக்கும். வசனங்களுக்கு நடுவே வெட்டி ஒட்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

நாய் ஏன் குரைக்கிறது, ஏன் காட்டவே இல்லை?

கேஷியர் தினமும் பிஸ்கட் போடும் தெருநாய் அது. படத்தில் விலங்கைக் காட்ட வேண்டுமென்றால் 2001ஆம் வருட விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். வாரியம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவில். கோட்டாற்று நாய்க்கு ஹரியானாவில் அனுமதி. சத்தம் போதும் என்று விட்டோம்.

யாரும் சிகரெட் பிடிக்கவில்லையே, நல்ல கருத்துக்காகவா?

இல்லை. புகையிலை காட்டினால் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படம், அதுபோக 20 விநாடி அறிவிப்பு, புகை வரும்போதெல்லாம் அடியில் எழுத்து. செத்தவரைப் பற்றிய படத்துக்கு நடுவில் ‘உயிரைக் கொல்லும்’ என்று வந்தால் அதுவும் எங்கள் நகைச்சுவை என்று நினைத்துவிடுவார்கள். எல்லாரும் சாயா குடிக்கிறார்கள், ரசவடை தின்கிறார்கள்.

எவ்வளவு செலவு?

சொன்னால் தயாரிப்பாளர், அதாவது எங்கள் ஒளிப்பதிவாளரின் அண்ணி, கோபிப்பார். பெரும்பகுதி போனது சாப்பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும். யாருக்கும் சம்பளமில்லாமல் எடுத்தோம் என்று பெருமையடிக்க மாட்டோம். வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் தராததைப் பற்றிய படத்தை அப்படி எடுத்தால் நன்றாயிருக்குமா? கூட்டிப் பெருக்கும் அக்காவாக நடித்தவர் உட்பட எல்லாருக்கும் தினப்படி கையில் கொடுத்தோம். குறைவுதான், ஆனால் அன்றன்றைக்கே.

இந்த மாதிரிச் சின்னப் படங்கள் ஓடுமா?

ஓடிய உதாரணம் உண்டு. கெவின் ஸ்மித் 1994இல் வெளியிட்ட ‘கிளர்க்ஸ்’ படத்தின் படப்பிடிப்புச் செலவு 27,575 டாலர். தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை மூடிய பிறகு ராத்திரியில் எடுத்தார். கதை நடப்பதோ பகலில். வெளியே இருட்டு தெரியக்கூடாதே, அதனால் கடை ஷட்டர் பூட்டில் யாரோ சூயிங்கம் ஒட்டிவிட்டார்கள், திறக்க முடியவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். எங்கள் மின்வெட்டுக்கு அந்த ஷட்டர்தான் குரு.

ஓடாமல் ஜெயித்ததும் உண்டு. மைக் ஜட்ஜின் ‘ஆபீஸ் ஸ்பேஸ்’ 1999இல் தியேட்டரில் பெரிதாகப் போகவில்லை. வீடியோவிலும் டிவியிலும்தான் ஆபீஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் வரும் சிவப்பு ஸ்டேப்ளர் அந்தப் படத்துக்காகப் பெயின்ட் அடித்தது. ஆட்கள் கடையில் போய்க் கேட்கக் கேட்க, ஸ்விங்லைன் கம்பெனி பிறகு சிவப்பிலேயே தயாரித்து விற்றது. நாங்கள் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. விரல்ரேகைப் பெட்டி ஏற்கெனவே நன்றாகவே விற்கிறது.

சென்சார் ஆகிவிட்டதா? தலைப்பு என்ன?

விண்ணப்பம் இணையவழியில்தான், மண்டல அலுவலகம் சென்னையில். 2024 விதிகளுக்குப் பிறகு, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எங்களுக்கு 13 கிடைத்தால் சந்தோஷம். கையில் சான்றிதழ் இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது, டிக்கெட் போடாவிட்டாலும்கூட. தலைப்பு பதிவு முடியும்வரை சொல்வதாக இல்லை. முதலில் வைத்த தலைப்பை வேறு யாரோ பதிந்து வைத்திருக்கிறார்கள், படம் எடுக்கிற எண்ணமும் அவர்களுக்கு இல்லையாம்.

எங்கள் ஆபீஸ் கதை இதைவிட மோசம். அடுத்த படத்துக்குச் சொல்லலாமா?

தாராளமாக. திரையிடல் முடிந்து வாசலில் நிற்போம், நேரில் சொல்லுங்கள். எழுதித் தருவதானால் கம்பெனி பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். தயவுசெய்து ஆபீஸ் மின்னஞ்சலிலிருந்து அனுப்பாதீர்கள், ஒருவர் ஏற்கெனவே மேனேஜருக்கு நகல் போட்டு அனுப்பிவிட்டார்.